மூன்றாவது நாற்காலிக்காரர்

கீழப்பொய்கையில் எலுமிச்சம்பழ லாரிகளை எடைபோடுகிற பால்வண்ணனும், அதே ஊரில் கண்ணாடிக் கடையில் மூக்குக் கண்ணாடிக்கு லென்ஸ் மாட்டிக் கொடுக்கிற அவன் மனைவி உலகம்மையும், நான்காவது வாரக் கவுன்சிலிங்குக்கு இரண்டு பேராகப் போய் மூன்று பேராகத் திரும்பி வந்தார்கள். ஸ்கூட்டரில் இருவருக்கும் நடுவில் உட்கார்ந்திருந்தவருக்கு நாற்பது வயதிருக்கும். கட்டம் போட்ட சட்டை, படிய வாரிய தலை, யாரையும் நேராகப் பார்க்காமல் எல்லாவற்றையும் பார்த்துவிடுகிற கண். தெருக்குழாயில் நின்ற பெண்கள் குடத்தை நகர்த்தி வண்டிக்கு வழிவிட்டார்கள், "உலகம்மை வீட்டுக்கு ஆள் வந்திருக்கு" என்று ஒருத்திக்கு ஒருத்தி சொல்லிக்கொண்டார்கள், தண்ணீர் நிற்கிற நேரமாகிவிட்டதால் மறுபடி குடத்தைக் கவனித்தார்கள்.

பால்வண்ணனுக்கும் உலகம்மைக்கும் கல்யாணமாகி ஏழு வருசம். பிள்ளை இல்லை, அதில் அவர்களுக்குள் சண்டையும் இல்லை. சண்டை வியாழக்கிழமையில் இருந்தது. கண்ணாடிக் கடையை ஆறு மணிக்குச் சாத்துவார்கள், கடையிலிருந்து வீட்டுக்குப் பத்து நிமிட நடை, மற்ற நாளெல்லாம் உலகம்மை ஆறேகாலுக்கு வாசலில் செருப்பைக் கழற்றிவிடுவாள், வியாழக்கிழமை மட்டும் ஏழரை. "எங்க போன?" என்று அவன் கேட்பான், "எங்கயும் போகல" என்று அவள் சொல்வாள், இரண்டு வருசமாக இந்தக் கேள்வியும் பதிலும் வாரம் தவறாமல் அந்த வீட்டுக்குள் நடந்தன.

அவனுக்குச் சந்தேகம்தான் தொழில். லாரிக்காரர்கள் சீட்டுக்கடியில் கல் வைப்பார்கள், தண்ணீர் டிரம்மை நிரப்பிக்கொண்டு வருவார்கள், கிளீனரைத் தார்ப்பாய்க்குள் படுக்க வைப்பார்கள். பதினாலு வருசமாக அத்தனையையும் கண்டுபிடித்து, எடை கூடினால் உள்ளே எதுவோ ஒளிந்திருக்கிறது என்பதைத் தவிர வேறெதையும் நம்பாத ஒருவன், வாரத்தில் ஒரு நாள் ஒன்றேகால் மணி நேரம் கூடுகிற பெண்சாதியை எப்படி விடுவான்? போனைப் பார்த்தான், பையைப் பார்த்தான், செருப்பில் ஒட்டிய மண்ணின் நிறத்தைப் பார்த்தான். ஒருநாள் அவள் கழற்றிப்போட்ட சேலையை மோந்து பார்த்துக்கொண்டிருந்தபோது உலகம்மை கதவருகில் வந்து நின்றுவிட்டாள். அவள் சத்தம் போடவில்லை, மறுநாள் வக்கீலைப் பார்த்தாள்.

ஜட்ஜ் இருவரையும் கவுன்சிலிங்குக்கு அனுப்பினார். பத்து வாரம் போக வேண்டும், அது முடிந்து பத்து நாள் யோசிக்கலாம், அப்போதும் பிரிவதுதான் முடிவென்றால் பத்தாம் நாள் திங்கட்கிழமை வந்து கையெழுத்துப் போட வேண்டும். உலகம்மை இல்லாத வீட்டைப் பால்வண்ணனால் நினைத்துப் பார்க்க முடியவில்லை. ஆனால் அதை அவளிடம் சொல்லவில்லை; சொன்னால் அவள் கை ஓங்கிவிடுமோ என்று அதிலும் ஒரு சந்தேகம்.

கவுன்சிலர் கிருபாவதி கோயம்புத்தூர்ப் பக்கத்திலிருந்து வந்தவர். மொபைல் கடைக்கு மேலே மாடியில் அவருடைய அறை. சுவரில் மூன்று ஊரில் படித்த மூன்று சர்டிபிகேட் மூன்று பிரேமுக்குள் தொங்கின, ஒன்று உண்மையாக இருந்தால் ஒன்றே போதுமே என்று பால்வண்ணன் முதல் நாளே நினைத்தான். ஒரு ஊரில் அவருக்குச் சொல்லிக் கொடுத்தது, பேசிப் பிரயோசனமில்லை, வீட்டில் நடப்பதை அட்டவணை போட்டு எழுத வையுங்கள், பழக்கம் மாறினால் மனம் மாறும் என்று. இன்னொரு ஊரில் சொன்னது, புருசனும் பிரச்சினை இல்லை பெண்சாதியும் பிரச்சினை இல்லை, பிரச்சினைதான் பிரச்சினை, அதற்கு ஒரு பேர் வைத்து வெளியே தள்ளி நிறுத்துங்கள் என்று. மூன்றாவது ஊரில், ஒரு காலி நாற்காலியைப் போட்டு, மனதை அரிக்கிறது எதுவோ அது அதில் உட்கார்ந்திருப்பதாக நினைத்து அதனிடம் பேசச் சொல்லுங்கள் என்று. முதல் வாரம் அட்டவணை கொடுத்தார். பால்வண்ணன் அதில் உலகம்மை உள்ளே வந்த நேரம், வெளியே போன நேரம் என்று லாரி ரிஜிஸ்டர் மாதிரி எழுதிக்கொண்டு வந்தான். இரண்டாவது வாரம் பேர் வைக்கச் சொன்னார், இருவரும் வாயைத் திறக்கவில்லை. மூன்றாவது வாரம் நாற்காலியைப் போட்டார், "காலி நாற்காலிக்கிட்ட என்னத்த மேடம் பேச?" என்று அவன் கேட்டுவிட்டான்.

நான்காவது வாரம் கிருபாவதி பேனாவை மூடி வைத்துவிட்டுச் சொன்னார், "தனித்தனியா எதுவும் உங்களுக்குக் கேக்கலைங்க. இன்னிக்கு மூணையும் சேர்த்துப் பண்ணப் போறேன்."

"மாத்திரையும் கசாயமும் சேத்துத் திங்கக் கூடாதும்பாங்களே" என்றான் பால்வண்ணன்.

"அது வயித்துக்குங்க. இது மனசு."

இந்தப் பதில் ரொம்ப வேகமாக வந்ததால் அவனுக்கு அதன்மேலும் நம்பிக்கை வரவில்லை. இருந்தாலும் மூன்றாவது நாற்காலியைப் போட்டார்கள், எதிரும் புதிருமாக உட்கார்ந்தார்கள், கிருபாவதி பேர் கேட்டார். இங்கேதான் தவறு நடந்தது. கீழப்பொய்கையில் வளர்ந்த ஆளை யாரும் மொட்டையாகப் பேர் சொல்லிக் கூப்பிடுவதில்லை; பால்காரர் மாமா, மெக்கானிக் அண்ணாச்சி, போஸ்ட்மேன் சித்தப்பா, முறை வைக்காமல் அந்த ஊரில் ஒரு குடம் தண்ணீர்கூட வாங்க முடியாது. அதனால் பேர் என்றதும் பால்வண்ணன் யோசித்து, "மச்சான்னு வச்சுக்கிடுதேன்" என்றான். வந்த வினை அவள் வழியாக வந்தது என்பது அவன் கணக்கு. உலகம்மை உடனே, "எனக்கு அவரு கொழுந்தன்" என்றாள், எல்லாம் உன் பக்கத்துச் சரக்கு என்கிற மாதிரி. அவளுக்குக் கூடப்பிறந்த ஆண் கிடையாது, அவனுக்குத் தம்பி கிடையாது, இரண்டு இடமும் காலியாகத்தான் இருந்தன. எல்லோரையும் சார், மேடம் என்று கூப்பிட்டுப் பழகிய கிருபாவதிக்கு, முறை சொல்லிவிட்டால் வந்தவனுக்கு உரிமை வந்துவிடும் என்பது தெரியவில்லை. அவர் இரண்டையும் நோட்டில் எழுதி முடித்தபோது மூன்றாவது நாற்காலியில் ஒருவர் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருந்தார்.

கிருபாவதி அவரைப் பார்த்தார், நோட்டைப் பார்த்தார், மூன்று முறைப்படியும் வீட்டுப்பாடம் கொடுத்தார். தினம் இருபது நிமிடம் அவரிடம் பேச வேண்டும், மற்ற நேரம் உங்கள் இருவருக்கும் நடுவில் வரவிடாமல் தள்ளி வைக்க வேண்டும், எத்தனை முறை நடுவில் வருகிறார் என்று அட்டவணையில் குறிக்க வேண்டும். "கூட்டிட்டுப் போங்க" என்றபோது அவர் குரல் கொஞ்சம் நடுங்கியது, பால்வண்ணன் அதையும் குறித்துக்கொண்டான்.

வந்தவருக்கு ஒரே ஒரு வார்த்தைதான் தெரிந்திருந்தது. யார் என்ன சொன்னாலும், அதைத் தலையசைத்துக் கேட்டுவிட்டு, "அப்புறம்?" என்பார். உலகம்மை காய்கறி வாங்கிவிட்டு வந்தேன் என்றால் அப்புறம்? மழை வரும்போல இருக்கு என்றால் அப்புறம்? எவ்வளவு சொன்னாலும் பாக்கி ஒன்று இருப்பதாகவே காட்டுகிற அந்தக் குரலைக் கேட்டால், ஒளிக்க ஒன்றும் இல்லாதவனுக்கும் எதையோ ஒளித்துவிட்டோமோ என்று தோன்றும். சாப்பாட்டில் குறை வைக்க முடியாது, மச்சானுக்கும் கொழுந்தனுக்கும் யாராவது அரை வயிறு போடுவார்களா? முதல் வாரம் ஒரு ஆள் சோறு சாப்பிட்டவர் இரண்டாவது வாரம் மூன்று ஆள் சோறு சாப்பிட்டார். தள்ளி வைக்கச் சொன்னதால் வராந்தாவில் பாய் போட்டார்கள், பேசச் சொன்னதால் உள்ளே கூப்பிட்டார்கள், எண்ணச் சொன்னதால் அவர் பின்னாலேயே பென்சிலோடு அலைந்தார்கள்.

ஊர் அவரை எடுத்துக்கொண்டது. எதிர்வீட்டு மாரித்தங்கம் காபியோடு வந்து அரை மணி நேரம் உட்கார்ந்து பார்த்து, மூக்கு உலகம்மையின் அப்பா மூக்கு, நடை பால்வண்ணனின் பெரியப்பா நடை என்று பிரித்துக் கொடுத்தாள். சலூன்காரர் முடி வெட்டும்போது, "நீங்க பொண்ணு வீடா, மாப்பிள்ளை வீடா?" என்று கேட்க, அவர் "அப்புறம்?" என்றார், அதைச் சலூன்காரர் ஒரு வாரம் எல்லோரிடமும் சொல்லிச் சிரித்தார். ரேஷன் கடையில், ஆதார் இல்லாமல் கார்டில் ஏற்ற முடியாது என்று சொன்னாலும் வரிசையில் அவருக்கு ஒரு இடம் விட்டார்கள். கல்யாணப் பத்திரிகை வைக்க வந்தவர்கள் பால்வண்ணன், உலகம்மை என்று எழுதி, கொஞ்சம் யோசித்து, "மற்றும் உறவினர்" என்று சேர்த்தார்கள்.

பிறகு மற்றவர்களும் கிருபாவதியிடம் போனார்கள். ஹோமியோபதிக் கடைக்காரரும் மனைவியும் போய், சதா கண்ணைத் துடைத்துக்கொண்டிருக்கிற ஒரு ஒல்லிக்காரியைக் கூட்டி வந்தார்கள். பழ புரோக்கர் வீட்டுக்கு வாசலில் கிடக்கிற செருப்புகளை எண்ணிக்கொண்டே இருக்கிற ஒருவர் வந்தார். ஐம்பது வருசம் ஒரு சொல் பேசிக்கொள்ளாமல் வாழ்ந்த ஒரு ரிட்டயர்ட் தலைமையாசிரியரும் அவர் சம்சாரமும் போனபோது, கிருபாவதி பக்கத்துக் கடையிலிருந்து இன்னும் இரண்டு நாற்காலி இரவல் வாங்க வேண்டியிருந்தது. ஊரில் ஒருவரை ஒருவர் பார்த்தால் சௌக்கியமா என்று கேட்பது போய், உங்க வீட்டுது எப்படி இருக்கு என்று கேட்பது வந்தது. சாயங்காலமானால் அத்தனை பேரும் பஸ் ஸ்டாண்ட் சிமெண்ட் பெஞ்சில் வரிசையாக உட்கார்ந்தார்கள், ஒருவருக்கொருவர் நம்பிக்கை இல்லாததால் ஒரு வார்த்தையும் பேசிக்கொள்ளவில்லை. யாரும் வராத வீடுகள் நாலைந்து மிச்சமிருந்தன. அந்த வீட்டுக்காரர்களைத்தான் ஊர் இப்போது ஒரு மாதிரி பார்த்தது, "அதெப்படி அவிய வீட்டுல மட்டும் ஆள் இல்ல? எங்கயோ ஒளிச்சு வச்சிருக்காவ" என்று மாரித்தங்கம் குழாயடியில் சொன்னபோது எல்லோரும் ஆமாம் என்றார்கள்.

ஏழாவது வாரம் பத்துப் பேர் மாடியேறிக் கிருபாவதியிடம் நியாயம் கேட்டார்கள், பால்வண்ணன் முன்னால் நின்றான். ஒன்றோடொன்று சேராத மூன்றைச் சேர்த்துக் கலக்கியதால்தான் இது வந்தது, கலக்கினவரே பிரித்துக் கொடுக்க வேண்டும் என்றான். கிருபாவதியின் மேசையில் மூன்று புத்தகம் திறந்து கிடந்தன, அவர் கண்ணுக்குக் கீழே கறுத்திருந்தது.

"எனக்கும் பயமாத்தாங்க இருக்கு" என்றார் அவர். "ஒரு புத்தகம் பேசுங்குது, ஒண்ணு தள்ளி நிறுத்துங்குது, ஒண்ணு எண்ணுங்குது. எது எவ்வளவு சேர்க்கணும்னு எதுலயும் போடல. ஆனா ஒண்ணு சொல்றேன், நான் யாரையும் வெளியில இருந்து கூட்டிட்டு வரல. நாற்காலி மட்டுந்தான் போட்டேன்."

பயமாக இருக்கிறது என்று ஒப்புக்கொள்கிற டாக்டரை ஊர் அதற்கு முன் பார்த்ததில்லை, அதனால் எல்லோரும் கொஞ்சம் தணிந்து இறங்கினார்கள். பால்வண்ணன் மட்டும் தணியவில்லை.

அவனுக்கு வீட்டுக்கு வந்தவர்மேலும் சந்தேகம் வந்துவிட்டது. மச்சான் என்றால் அவள் ஆள், வியாழக்கிழமை சங்கதி தெரிந்துகொண்டே வாயைக் கட்டிக்கொண்டு இருக்கிறாரோ என்று தோன்றியது. சந்தேகம் வந்தால் அவனுக்குத் தெரிந்த வழி ஒன்றுதான். மறுநாள் மத்தியானம் லாரி வராத நேரம் பார்த்து அவரை எடைமேடைக்குக் கூட்டிப் போய் இரும்புத் தட்டின் நடுவில் நிறுத்தினான், உள்ளே போய் திரையைப் பார்த்தான். பூஜ்யம். மூன்று ஆள் சோறு தின்கிறவர் நிற்கிறார், திரையில் பூஜ்யம். அவரை இறக்கிவிட்டு, வெளியிலிருந்து ஜன்னல் வழியாகத் திரை தெரிகிற மாதிரி திருப்பி வைத்துவிட்டு, மிஷின் ஓடுகிறதா என்று பார்க்கத் தானே ஏறி நின்றான். எழுபது காட்ட வேண்டிய இடத்தில் நூற்று முப்பது காட்டியது. சட்டைப்பையிலிருந்த போனை எடுத்துக் கீழே வைத்தான், செருப்பைக் கழற்றினான், நூற்று முப்பது. அந்த நேரம் உலகம்மை அவன் மறந்துவிட்டு வந்த சாப்பாட்டுத் தூக்கோடு தட்டைக் கடந்து வந்தாள், அவன் சட்டென்று விலகி நின்று பார்த்தான். ஐம்பத்தைந்து. எப்போதும் அவள் எடை அதுதான்.

மிஷின் பொய் சொல்லாது என்று பதினாலு வருசமாக லாரிக்காரர்களிடம் சொல்லி வந்தவன், மிஷின் கெட்டுவிட்டது என்று மெக்கானிக்கைக் கூப்பிட்டான். மெக்கானிக் முத்திரை குத்திய எடைக்கற்களை அடுக்கிப் பார்த்தார், ஒரு கிலோ முன்பின் இல்லை. "மிஷின் நல்லாத்தான இருக்கு அண்ணாச்சி, யாரு மேல சந்தேகம்?" என்று அவர் கேட்டார்.

ஒன்பதாவது வாரம், வியாழக்கிழமை, அவன் மச்சானை உலகம்மைக்குப் பின்னால் அனுப்பினான். போய்ப் பார்த்துவிட்டு வந்து சொல்லும் என்று சொன்னதற்கு அவர் தலையை ஆட்டினார். ஆனால் அவன் கண்ணாடிக் கடைக்கு எதிரே ஒரு லாரிக்குப் பின்னால் ஸ்கூட்டரோடு மறைந்து நின்று பார்த்தபோது அவர் அவள் பின்னால் போகவே இல்லை, நேராக வந்து அவனுடைய ஸ்கூட்டரில் ஏறி உட்கார்ந்துகொண்டார். டயர் அமுங்கியது. உலகம்மை கடையிலிருந்து இறங்கி, இடமும் வலமும் பார்க்காமல் நடந்து, மலையடிவாரத்துக்குப் போகிற டவுன் பஸ்ஸில் ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்தாள். பஸ் கிளம்பியது, அவனும் கிளம்பினான். எலுமிச்சைத் தோட்டங்களைத் தாண்டி, செங்கல் சூளையைத் தாண்டி, நிறுத்தத்துக்கு நிறுத்தம் ஆட்கள் இறங்கிக்கொண்டே போனார்கள், யாரும் ஏறி அவள் பக்கத்தில் உட்காரவில்லை. கடைசி நிறுத்தத்தில் டிரைவரும் கண்டக்டரும் டீ குடிக்க இறங்கினார்கள். பஸ்ஸுக்குள் உலகம்மை மட்டும் இருந்தாள். ஜன்னல் கம்பியில் கன்னத்தை வைத்து மலையைப் பார்த்துக்கொண்டிருந்தாள், போனை எடுக்கவில்லை, யாருக்கும் காத்திருக்கவில்லை, அழவும் இல்லை. பத்து நிமிடத்தில் அதே பஸ் அவளை ஏற்றியபடியே திரும்பியது.

அவ்வளவுதான். இரண்டு வருசமாக அவன் தூக்கத்தைத் தின்ற வியாழக்கிழமைக்குள் இருந்தது அவ்வளவுதான். பால்வண்ணனுக்கு நிம்மதி வந்திருக்க வேண்டும், வந்தது ஏமாற்றம். ஒருவன் இருந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்று ஒரு நொடி நினைத்தான், நினைத்தது தானேதான் என்று தெரிந்ததும் அவனுக்கு அவமானத்தில் காது சுட்டது. அப்போது பின்னாலிருந்து, அவன் முதுகில் மூச்சுப் படுகிற மாதிரி குனிந்து, மச்சான் கேட்டார், "அப்புறம்?"

பத்தாவது வாரக் கவுன்சிலிங்கில் மூன்று நாற்காலியிலும் ஆள் இருந்தது. கிருபாவதி கடைசி அறிக்கைக்காகப் பேப்பரை எடுத்து வைத்திருந்தார். பால்வண்ணன் யாரும் கேட்காமலே சொல்லிவிட்டான், போன வியாழக்கிழமை பஸ்ஸுக்குப் பின்னால் போனேன், பார்த்தேன் என்று.

உலகம்மையின் முகம் வெளுத்தது. "பின்னாலயே வந்தீங்களா?"

"ஒண்ணுமே இல்லன்னு சொல்லியிருக்கலாம்லாட்டி?"

"சொன்னேன். ரெண்டு வருசமா அதத்தான சொன்னேன். எங்கயும் போகலன்னுதான சொன்னேன்? நான் எங்க போனேன்? பஸ்ஸுல உக்காந்தேன், வந்தேன். கடையில இருந்தா முதலாளி கூப்பிடுதாரு, வீட்டுல இருந்தா நீங்க கேள்வி கேக்கீங்க. அந்தப் பத்து நிமிசம் என்னைய ஒருத்தரும் எதுவும் கேக்கல. எனக்குன்னு இருந்தது அது ஒண்ணுதான். இப்ப அதுக்குள்ளயும் வந்துட்டீங்க." அவள் கிருபாவதியைப் பார்த்தாள். "மேடம், பிரியுதோம்னே எழுதிருங்க."

கிருபாவதி எழுதவில்லை. மூன்று புத்தகமும் கைவிட்ட இடம் அது என்று பால்வண்ணனுக்கே தெரிந்தது. அவர் மூன்றாவது நாற்காலியைக் காட்டி ஒன்றே ஒன்று கேட்டார், "சார், இவர் உங்களுக்கு என்ன வேணும்?"

அவர் வந்த அன்றைக்குச் சொன்ன பதிலை இப்போது அவனால் சொல்ல முடியவில்லை. எடைமேடையில் நூற்று முப்பது காட்டியது நினைவுக்கு வந்தது, உலகம்மையின் ஐம்பத்தைந்து நினைவுக்கு வந்தது.

"இவன் அவ பக்கத்து ஆளு இல்ல மேடம்" என்றான். "எங்கூடப் பொறந்தவன். அவ வீட்டுக்கு வரதுக்கு முன்னாலயே எங்கிட்ட இருந்தவன். நான்தான் மச்சான்னு சொல்லி அவ தலையில கட்டப் பாத்தேன்."

உலகம்மை முந்தானையால் மூக்கைத் துடைத்தாள். "நான் அன்னைக்கே கொழுந்தன்னு சொன்னேன்லா" என்றாள், சொல்லும்போது உதடு லேசாகக் கோணியது, அது சிரிப்பா அழுகையா என்று அவனுக்குத் தெரியவில்லை. பிறகு குனிந்துகொண்டு, யாரிடமும் இல்லாத மாதிரிச் சொன்னாள். "மேடம், நானும் ஒண்ணு சொல்லணும். பஸ்ஸுலதான் போறேன்னு முதல் வாரமே சொல்லியிருக்கலாம். சொல்லாம இருந்தா இவுக தவிக்கத பாக்கலாமேன்னு இருந்துச்சு. அந்தச் சோத்தத் தின்னுதான் இவரு வளந்தாரு. நானும்தான் போட்டேன்."

மூன்றாவது நாற்காலிக்காரர் மறைந்து போகவில்லை, புகையாகவும் போகவில்லை. நாற்காலியை அரை அடி பால்வண்ணன் பக்கம் நகர்த்திப் போட்டுக்கொண்டார், அவ்வளவுதான்.

உலகம்மை எழுந்தாள். "திங்கக்கிழமைக்கு இன்னும் பத்து நாள் கிடக்கு. அதுவரைக்கும் வீட்டுலதான் இருப்பேன். ஆனா இவுக தம்பிக்கு இவுகதான் பொங்கிப் போடணும், இவுகதான் பாய் விரிக்கணும். நான் ஒரு பருக்கை போட மாட்டேன். நடுவுல ஒரு வியாழக்கிழமை வருது. நான் போவேன். வந்ததும் எங்க போனன்னு ஒரு வார்த்தை கேட்டாலும் திங்கக்கிழமை கையெழுத்துப் போட்டுருவேன்."

பால்வண்ணன் பொங்கினான். சோறு குழைந்தது, ரசத்தில் உப்பு கரித்தது, தம்பி ஒரு குறையும் சொல்லாமல் சாப்பிட்டார், ஆனால் மூன்று ஆள் சோறு இரண்டாகி, இரண்டு ஒன்றரையானது. அவன் கைச்சமையல் அப்படி என்று மாரித்தங்கம் சொன்னாள். வேலைக்குப் போகும்போது அவரைக் கூடவே கூட்டிப் போனான், லாரிக்காரர்களிடம் "எந்தம்பி" என்று சொன்னான், முதல் இரண்டு நாள் சொல்லக் கூச்சமாக இருந்தது.

வியாழக்கிழமை வந்தது. ஆறேகாலுக்கு அவன் வீட்டுக்கு வந்து விளக்கைப் போட்டு உலையை வைத்தான். ஏழரை ஆனது, அவள் வரவில்லை. ஏழே முக்கால். அன்றைக்குப் போனது பஸ்தான், இன்றைக்கும் பஸ்தான் என்று யார் சொன்னது? அவன் பின்னால் வருவான் என்று தெரிந்து அன்றைக்கு மட்டும் அப்படி உட்கார்ந்திருந்தால்? தம்பி அடுக்களை வாசலில் நின்றார், அவர் தோள் இரண்டு பக்க நிலையிலும் இடித்தது, தலை மேல்நிலையைத் தொட்டது. எட்டு மணி. பால்வண்ணன் சோற்றை வடித்தான், கண் வாசலில் இருந்ததால் கஞ்சி காலில் சிந்தியது. அந்த பஸ்ஸில் கண்டக்டராகப் போகிற மாடசாமி அவனோடு ஒன்பதாவது வரை ஒரே பெஞ்சில் படித்தவன். ஒரு போன் போதும். ஏல, இன்னைக்கு என் வீட்டுக்காரி வந்தாளா? அரை நிமிடம்கூட ஆகாது, அவளுக்குத் தெரியவும் தெரியாது. அவன் போனை எடுத்து அடுப்பு மேடையில் வைத்தான், மறுபடி எடுத்தான், மறுபடி வைத்தான்.

எட்டரைக்கு வாசலில் செருப்புச் சத்தம் கேட்டது. உலகம்மை உள்ளே வந்தாள், சேலை ஓரத்தில் சேறு, தலை கலைந்திருந்தது. அவள் பையை ஆணியில் மாட்டிவிட்டு, அடுக்களையை அடைத்துக்கொண்டு நிற்கிற ஆளைப் பார்த்தாள், அவருக்குப் பின்னால் கரண்டியோடு நிற்கிற புருசனைப் பார்த்தாள்.

"பஸ் சூளைகிட்ட நின்னு போச்சு" என்றாள், கேட்காமலே. "எல்லாரும் இறங்கித் தள்ளுனோம்."

நம்ப வேண்டும் என்று அவன் உள்ளபடியே ஆசைப்பட்டான். நம்பிக்கை வரவில்லை. பொய் சொல்கிறவர்கள்தான் கேட்காமலே சொல்வார்கள் என்று பதினாலு வருச அனுபவம் சொன்னது. அவன் தட்டு எடுத்தான், சோற்றைப் போட்டான், ரசத்தை ஊற்றினான், அவள் முன்னால் வைத்தான்.

உலகம்மை தட்டைத் தொடாமல் அவனையே பார்த்தாள். "மாடசாமி அண்ணன் நம்பர் உங்ககிட்ட இருக்குல்லா?"

"இருக்கு."

"கேட்டீங்களா?"

"இல்ல."

"நம்புதீங்களா?"

பால்வண்ணனால் பொய் சொல்ல முடியவில்லை. "இல்லட்டி" என்றான். "நம்பணும்னுதான் இருக்கு, வர மாட்டேங்கு. நீ சாப்பிடு, சோறு ஆறிரும்."

அவள் சோற்றைப் பிசைந்தாள், ஒரு வாய் வைத்தாள், உப்புக்கு முகத்தைச் சுளித்தாள், இன்னொரு வாய் வைத்தாள். நம்பாமலும் கேட்காமலும் ஒரு ஆள் எதிரில் உட்கார்ந்திருப்பதை அவள் ஏழு வருசத்தில் முதல் முறையாகப் பார்த்தாள்.

"வக்கீலுக்குப் போன் போடுங்க" என்றாள். "திங்கக்கிழமை வரலன்னு சொல்லிருங்க."

அவன் ஈரக்கையைக் கைலியில் துடைத்துவிட்டுப் போனை எடுத்தான். தம்பி அவன் தோளுக்கு மேலாகக் குனிந்து திரையைப் பார்த்தார். பேர்கள் வரிசையாக ஓடின. வக்கீலுக்குப் போக வேண்டுமானால் மாடசாமியைத் தாண்டித்தான் போக வேண்டும். மாடசாமி வந்ததும் பால்வண்ணனின் விரல் நின்றது. உலகம்மை சாப்பிடுவதை நிறுத்தினாள். விரல் அங்கேயே நின்று, நின்று, பிறகு மெல்ல மாடசாமியை மேலே தள்ளிவிட்டு வக்கீலுக்கு இறங்கியது.